பதின்மூன்று புள்ளி இரண்டு

மகளிர் குழுக் கடனில் வாங்கியது.
தவணை என் பேரில்.
அதனால் நான்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன்.
பெர்க்மான்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.

நீலப் பெட்டி. உள்ளே நாலு செல்.
ஒரு கையில் தூக்கிக்கொண்டு வீடு வந்துவிடலாம்.
கைபேசியைப் பக்கத்தில் வைத்தால் பேசும்,
முப்பதடி தள்ளிப் போனால் வாயை மூடிக்கொள்ளும்.

பதின்மூன்று புள்ளி இரண்டு என்கிறது.
நேற்றும் அதைத்தான் சொன்னது.
பாதி தீர்ந்து கரையேறிய அன்றும்
அதையேதான் சொன்னது.

பழைய பாட்டரி இப்படி இல்லை.
தீரப்போகிறதென்றால் ஊருக்கே தெரியும்:
விளக்கு மஞ்சளாகும், வயர்லெஸ் கரகரக்கும்,
ஆசிட் கசிந்து அவர் சாரத்தில் ஓட்டை விழும்.
இது கடைசிச் சொட்டு வரைக்கும்
முகத்தை மாற்றாது.
அப்புறம் ஒரேயடியாக இல்லை.

வெயிலில் கிடந்து வந்தால் உடனே சொருகமாட்டேன்.
கட்டிலுக்கு அடியில் சிமெண்டுத் தரையில் ஆறட்டும்.
போல்ட்டில் பூத்த உப்பைப் பழைய பிரஷால் தேய்த்து
வாசலின் தடவுவேன்.
பதினாலு புள்ளி இரண்டில் பிடுங்கிவிடுவேன்,
ததும்ப நிறைப்பது அதற்கு ஆகாது.
தடைக்காலம் அறுபத்தொரு நாளும்
பாதி வயிற்றோடு அலமாரியில் இருக்கும்,
எங்களைப் போலவே.

ஐப்பசி பதினொன்று. ஏழு மணிக்குக் கரை வந்தார்கள்.
"பாடு எப்படி?"
"பரவால்ல."
ஒரு கூடை சாளை, மூணு வாவல்.
குளித்தார். மூன்று தோசை. தூக்கம்.

சார்ஜரைச் சொருகியதும் பெட்டி கண் விழித்து
வேறு கதை சொன்னது.
இரவு 1.52. மூன்றாவது செல், இரண்டரை வோல்ட்.
வாசல் அடைபட்டது.

மற்ற மூன்றிலும் மிச்சம் இருந்திருக்கிறது.
ஒன்று காலியானால் போதும்,
அதைக் காப்பாற்ற உள்ளே இருக்கும் பலகை
எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.
எக்கோ, ஜி.பி.எஸ்., வயர்லெஸ், பிறயத்து விளக்கு.

விடிய நாலு மணி நேரம்.
பதினெட்டுப் பாகம் ஆழத்தில் வலை கிடந்திருக்கும்.
வாடை எழும்பியிருக்கும்.
வடமேற்கே கூடங்குளத்து உலை விளக்குகள்
கோயில் திருவிழா மாதிரி எரிந்திருக்கும்.
அத்தனை மெகாவாட்டுக்கு எதிரே
உள்ளங்கை அகலத் திரைக்கு வழியில்லாமல்
நாலு பேர்.

அன்று ராத்திரி மூடியைக் கழற்றி
மூன்றாவதை மட்டும் தனியாகச் சார்ஜில் போட்டேன்.
சின்ன சார்ஜர். ஏறவே ஏறாது.
மூன்று புள்ளி ஒன்று.
பிள்ளைகளின் சீருடையை மடித்து முடித்தேன்.
மூன்று புள்ளி ஒன்று.

இரண்டு மணிக்கு எழுந்து வந்து நின்றார்.
"என்ன பாக்க?"
"ஒண்ணு அம்பத்திரெண்டு" என்றேன்.
செம்பில் தண்ணீர் குடித்தார்.
செம்பைக் கவிழ்த்து வைத்தார்.
அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு,
"கிளமெண்டுதான் அழுதான்."

கிளமெண்டைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.
"மூணு புள்ளி ரெண்டு" என்றேன்.
பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
சார்ஜரின் விசிறிச் சத்தம் அவ்வளவு பெரிதென்று
அன்றுதான் தெரிந்தது.

அடுத்த பாட்டுக்கு வள்ளம் தள்ளும்போது
கூத்தங்குழிக் கரையில் முழங்கால் தண்ணீர்வரை போனேன்.
நாலும் சமம்.
மூன்று புள்ளி மூன்று, மூன்று புள்ளி மூன்று,
மூன்று புள்ளி மூன்று,
கடைசியைப் படிப்பதற்குள் அலை அணியத்தைத் தூக்கியது.
இணைப்பு இல்லை என்று எழுத்து வந்தது.

கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறயத்திலிருந்து பெர்க்மான்ஸ் ஏதோ கத்தினார்.
எஞ்சின் சத்தத்தில்
கேட்கவில்லை.