ரெண்டு விசில்

ஏட்டையா, எழுதிக்கிடுங்க.
பேரு தாசையன். வயசு அறுபத்தேழு.
அரசு பஸ்ஸில முப்பத்தொரு வருசம் கண்டக்டர்.
திங்கள்நகர், கருங்கல், தேங்காப்பட்டணம்,
எந்த வளைவில எந்தப் பலாக்கொம்பு
ஜன்னலைத் தட்டும்னு இன்னமும் ஓர்மை இருக்கு.

கடத்தல்னு அவங்க எழுதிக் கொடுத்திருக்காவ.
சரி.
நான் பாத்ததைச் சொல்லுதேன்.

அந்த வீட்டில எல்லாரும் விழுவாவ.
எனக்க மக ஜெபலதா கிணத்தில விழுந்தா,
வழுக்கிட்டுன்னு சொன்னாவ.
கிணத்துச் சுவரு அவ நெஞ்சளவு.
அடக்கத்தன்னைக்கு நான் கையால அளந்து பாத்தேன்,
கூட்டம் ஜெபத்தில கண்ணை மூடி நின்ன நேரம்.

பெறவு பிள்ளை விழ ஆரம்பிச்சான்.

மாசத்தில ரெண்டாம் சனிக்கிழமை,
நாகர்கோவில் கோர்ட்டில
முயல் படம் வரைஞ்ச ஒரு அறை.
எங்களுக்கு ரெண்டு மணி நேரம்.
எனக்க வீட்டுக்காரி ஞானப்பூ
ஏத்தங்கா உப்பேரிப் பொட்டலத்தைப் பிரிப்பா.
பிரிக்கும்பமே
கழுத்து, முழங்கை, காதுக்குப் பின்னால,
கண்ணாலயே எண்ணி முடிச்சிருவா.
ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருந்தாரு.
கேட்டேன்.
"மாடிப்படியில விழுந்தேன் பாட்டா."

ஏட்டையா, அந்த வீட்டுக்கு மாடிப்படி கிடையாது.
மேல காங்கிரீட் போட்டது எனக்க பி.எஃப். பணம்.
படிக்குக் காசு தேறல்லை.

மனு கொடுத்தோம். வாய்தா. திரும்ப மனு. திரும்ப வாய்தா.
மருமகனுக்க அண்ணன் சந்தையில வச்சு
எனக்க ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கி ஓடையில எறிஞ்சான்.
"வயசான காலத்தில எங்கயாவது விழுந்திராதேயும்"னு
சட்டைக் காலரைத் தடவி விட்டான்.

அதுக்குப் பெறவுதான் இந்த விளையாட்டு.
வீட்டில கிடந்த பழைய டிக்கெட் கட்டில
ஒண்ணைக் கிழிச்சு, பின்னால போன் நம்பர் எழுதினேன்.
"இது உனக்க சீட்டு மக்கா. நம்பர் சொல்லு பாப்பம்."
மூணு சனிக்கிழமையில பாக்காமலே சொன்னான்.
ஒரு விசில்னா நிக்கணும்.
ரெண்டு விசில்னா போகணும்.
அதையும் சொல்லிக் கொடுத்தேன்.

அவனுக்கு விசில் வராது. மேல முன்பல்லு ரெண்டும் இல்லை.
ஆறு வயசில விழுத பல்லுதான்னு டாக்டரம்மா சொன்னா.
கீழ்ப்பல்லுதானே முதல்ல விழும்னு ஞானப்பூ கேட்டா.
டாக்டரம்மா பேனா மூடியைத் தேடினா.

நேத்து ராத்திரி ரெண்டே காலுக்குப் போன்.
பேச்சு இல்லை.
பல்லு போன இடுக்கு வழியா காத்து.
கொஞ்சம் நிறுத்தி
இன்னொரு தடவை காத்து.

நான் கண்ணாடியைத் தேடுததுக்குள்ள
ஞானப்பூ செருப்புப் போட்டுட்டு வாசல்ல நின்னா.
பத்து தொண்ணூத்தெட்டுக்குக் கூப்பிட்டேன்.
ஊரு கேட்டாவ, பேரு கேட்டாவ,
விடிஞ்சதும் ஆள் வரும்னு சொன்னாவ.
விடியதுக்கு நாலு மணிக்கூர் கிடந்தது.
மீன் எடுக்கப் போற வில்பிரட்டுக்க டெம்போவில ஏறினோம்,
ஐஸ் பெட்டி நடுவில அவ, முன்னால நான்.

இதை அப்படியே எழுதுங்க, ஏட்டையா.
அந்த வீட்டுக்குள்ள நான் கால் வைக்கல்லை.
கதவைத் தட்டல்லை.
பனவிளை ஸ்டாப்பில அவன் நின்னான்,
ஒத்தைச் செருப்போட,
ஒரு கையில சீட்டு,
மறு கையை ரோட்டுப் பக்கமா நீட்டிக்கிட்டு.

முப்பத்தொரு வருசத்தில
கை காட்டி நின்ன ஆளை விட்டுட்டு
நான் ரைட் கொடுத்தது கிடையாது.

வெளிய ஜீப் சத்தம் கேக்குது.
அவங்கதான்.
அவ மடியில கிடந்து உறங்குதவனை
யாரு கையில கொடுக்கணும்னு நீங்கதான் எழுதணும்.
எனக்கு அதிகாரம் இல்லை, தெரியும்.

ஒண்ணே ஒண்ணு.
எழுப்பும்பம் அவனுக்க வலது கையை விரிச்சுப் பாக்காதீங்க.
சீட்டு அதிலதான் இருக்கு.
இறங்குத வரைக்கும் அது செல்லும்.