விபத்து அல்ல

கட்டண ரசீதில் பதினோராவது வரி
'குழுக் காப்பீடு, ரூபாய் நூற்றுப்பத்து'.
நூலக நிதிக்கும் விளையாட்டு நிதிக்கும் நடுவே
குளிருக்கு ஒடுங்கியதுபோல் பொடி எழுத்தில்.
இரண்டு வருடம் கட்டினோம்.
ஒருநாளும் வாசித்ததில்லை.

உறைபனி விழுந்த தை மாத இரவு.
கோத்தகிரி விடுதியில் குழாய்த் தண்ணீர்கூடத் தூங்கியிருந்தது.
தவசீலி வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு
கட்டிலிலிருந்து இறங்கினாள்.
"சாயங்காலம் தின்ன வர்க்கிதான்" என்றாள்.
வர்க்கி அப்படிச் செய்யாது.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.
அமுக்கியபோது அல்ல,
கையை எடுத்தபோதுதான் கத்தினாள்.
குடல்வால்.
மயக்க மருந்து கொடுப்பவர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்.
கீழே கொண்டு போங்க.

ஆம்புலன்ஸ் ஜன்னலில் தேயிலை கறுப்பாக ஓடியது.
ஒவ்வொரு வளைவுக்கும் என் மணிக்கட்டை இறுக்கினாள்.
எட்டுக்குப் பிறகு நான் எண்ணவில்லை.
மேட்டுப்பாளையம் வந்ததும்
ஸ்வெட்டருக்குள் எனக்கு வேர்த்தது,
அவளுக்கு நடுங்கியது.

ரசீதில் இருந்த எண்ணை அழைத்தேன்.
தூக்கக் குரல் கேட்டது: என்ன விபத்து?
விபத்து இல்லைங்க, குடல்வால்.
எங்கேயாச்சும் விழுந்தாங்களா?
இல்லைங்க.
நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

யோசித்தேன்.
கை முறிந்திருந்தால் இருபத்தைந்தாயிரம்.
கட்டைவிரல் போயிருந்தால் அதற்கொரு சதவீதம்.
கண்ணுக்குத் தனிக் கணக்கு.
குடல்வால் மட்டும்
அந்தப் பட்டியலில் பிறக்கவேயில்லை.

அவள் அப்பாவின் தோட்ட ஆஸ்பத்திரி அட்டையில்
இரட்டைச் சடையோடு அவள் இருக்கிறாள், ஒன்பது வயது.
பதினெட்டோடு அது முடிந்துவிட்டதாம்.
வளர்ந்ததுதான் தப்பு.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு
ரேஷன் கார்டைக் கேட்டாள் கவுன்ட்டரில் குணவதி.
போனில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
'தவசீலன். ஆண்.'
"இது தம்பியா?"
"இல்லக்கா, இவதான்."
வலிக்கு நடுவிலும் தவசீலி கண்ணைத் திறந்து,
"அஞ்சு வருசமா அரிசி வாங்குறவன் அவன்" என்றாள்.

குணவதி சிரிக்கவில்லை.
கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள்,
அவள் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்தாள்.
"மூணு நாளுக்குள்ள திருத்திக் கொண்டு வரணும்.
பொறுப்பு யாரு, கையெழுத்துப் போடு."
உறவு என்ற கட்டத்தில்
தந்தை, தாய், கணவர், பாதுகாவலர்.
தோழிக்கு இடமில்லை.
பத்தொன்பது வயதில்
பாதுகாவலரைச் சுற்றி வட்டம் போட்டேன்.
பேனா எழுதவில்லை. மறுபடி போட்டேன்.

அப்புறம் தாலுகா ஆபீஸ், மறுபடி தாலுகா ஆபீஸ்.
அதையெல்லாம் எழுதினால் கவிதை தாங்காது.
அந்த வரிசையில் நின்றபோதுதான் தோன்றியது,
எனக்கு வந்தால்
எந்த அட்டையில் நான் யாராக இருப்பேனோ.

மாசியில் கல்லூரிக்குத் திரும்பினாள்.
பாசி பிடித்த படிக்கட்டில்
ஒரு கையால் வயிற்றை ஏந்திக்கொண்டு மெல்ல ஏறினாள்.
நடுப்படியில் நின்றாள்.
"இங்க வழுக்கினா
காசு வரும்டி."
சிரித்தோம்.
தழும்பு சுருக்கென்று இழுத்திருக்க வேண்டும்,
ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்,
அடுத்த படியில் காலை
பார்த்து வைத்தாள்.