ஏறுகுரல், இறங்குகுரல்

நூற்றெண்பது பவுண்டு கொடுத்துத்தான்
இந்தப் பாடத்துக்கு வந்து சேர்ந்தேன்.
வகுப்புக்குக் கட்டணம் கிடையாது.
அது கொதிகலனுக்குப் போன பணம்.

கிரிம்ஸ்பியில் என் முதல் டிசம்பர்.
வீட்டுக்காரர் ஸ்டான்ட்ரிங் வாசலில் நின்றார்,
தொப்பி விளிம்பில் ஆலங்கட்டி.
"கொதிகலனை நீ உடைக்கவில்லை, டிட் யூ?"
"யெஸ்" என்றேன்.
நீங்கள் சொல்வது சரி, நான் உடைக்கவில்லை
என்கிற யெஸ்.
ஹைஃபோங்கில் என் தெரு முழுக்க
அப்படித்தான் சொல்லும்.
அவர் காதில் விழுந்தது வேறொரு யெஸ்.

முன்பணத்தில் கழித்ததாகச் சீட்டு வந்தது.
மூன்று மாதம் அவரைத் திட்டினேன்,
மீன் வெட்டும் மேசையில்,
ஒவ்வொரு ஹாடக்கின் முகத்தைப் பார்த்தும்.

செவ்வாய் மாலை, நூலகத்தின் மாடி.
எலுமிச்சை தேய்த்தும் போகாத கை வாடையோடு
கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.
மொய்ரா ஹேக்ஸ்பி பலகையில் எழுதினார்.
முன்னால் ஆம் என்றால் பின்னால் இல்லை.
முன்னால் இல்லை என்றால் பின்னால் ஆம்.
வாக்கியம் தலையாட்டும்போது
வால் மறுக்க வேண்டுமாம்.

எங்களுக்கு ஒரே வால்தான்: ஃபாய் கொங்?
மழைக்கும் அதுவே, விலைக்கும் அதுவே,
கல்யாணம் நின்றுபோன செய்திக்கும் அதுவே.
இங்கே ஒவ்வொரு வினைக்கும் அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள்.
கேன் வந்தால் கான்ட்.
வாஸ் வந்தால் வாஸன்ட்.
"எல்லாத்துக்கும் இன்னிட் போட்டுடு,
பேக்கிங்கில் எல்லாரும் அதான்" என்றான் வைதோதாஸ்.
மொய்ரா மறுக்கவில்லை.
"அவர்கள் சொன்னால் பேச்சு.
நீங்கள் சொன்னால் பிழை என்பார்கள்" என்றார்,
சொல்லிவிட்டுப் பலகையை அழித்தார்,
அழுக்கு இல்லாத இடத்தையும்.

நான் என்ற சொல்லிடம் வந்ததும்
இலக்கணமே தடுக்கி விழுந்தது.
ஐ ஆம் லேட், ஆர்ன்ட் ஐ?
ஆமுக்குச் சொந்தமாக வால் முளைக்கவில்லையாம்,
ஆரிடம் இரவல் வாங்கியதாம்.
இருக்கட்டும்.
இந்த ஊரில் நான் போட்ட முதல் கோட்டும் இரவல்தான்.

யாரும் கூப்பிடவில்லை, டிட் தே?
"யாருமே இல்லாத இடத்தில்
அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?" என்றாள் ஷிலான்.
மொய்ராவிடம் பதில் இல்லை.
ஷிலானின் போன்
வகுப்பு முடியும்வரை கவிழ்ந்தே கிடந்தது.

கடைசிப் பதினைந்து நிமிடம் குரல்.
வால் மேலே ஏறினால் நிஜமாகக் கேட்கிறார்கள்.
கீழே இறங்கினால் கேட்கவில்லை,
முன்பே முடிவு செய்துவிட்டார்கள்,
நீ தலையாட்டினால் போதும்.
எல்லாரும் ஏற்றிப் பார்த்தார்கள், இறக்கிப் பார்த்தார்கள்.
வைதோதாஸுக்கு எல்லாமே தட்டையாக வந்தது.
எனக்கா சொல்லித்தர வேண்டும்?
மா என்று சமமாகச் சொன்னால் பேய்.
ஏற்றிச் சொன்னால் அம்மா.
அழுத்தி இறக்கினால் நாற்று.
குரல் வழுக்கினால் அம்மாவே பேயாகிவிடும் மொழியில்
வளர்ந்த காது இது.

அந்தக் காதை டிசம்பருக்குத் திருப்பினேன்.
வாசல், தொப்பி, ஆலங்கட்டி,
டிட் யூ.
ஏறியிருந்தது.
மனிதர் நிஜமாகவே கேட்டிருக்கிறார்.

மீட்டர் பார்க்க அவர் வந்த அன்று
நான்கு நாள் குளியலறையில் ஒத்திகை பார்த்ததை
எடுத்து வைத்தேன்.
"நான் வருமுன்பே அது உடைந்திருந்தது, வாஸன்ட் இட்?"
என் வால் இறங்கியது, படி தவறாமல்.
அவர் டார்ச்சை அணைத்தார்.
ரேடியேட்டர் இரண்டு முறை தட்டிவிட்டு நின்றது.
"நான் உன்னிடம் கேட்டேனே, டிடன்ட் ஐ?"
அதுவும் இறங்கியது.
"யெஸ்" என்றேன்.
இந்த முறை இரண்டு மொழியிலும் ஒரே யெஸ்.

அடுத்த வாரம் கதவிடுக்கில் ஒரு உறை,
உள்ளே தொண்ணூறு.
மீதியை நான் கேட்கவில்லை,
டிட் ஐ?