மூன்று மணிக் காட்சி

பனங்காமத்து வீரகத்தியிடம்
ஒரு சட்டை இருந்தது,
கச்சேரிக்குப் போக மட்டும்.
கப்பலேறிய அன்று
அதை வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள்.

ஹம்பர்க்கில் பனி.
கோவணம், வார்க்கயிறு,
பலகையில் வரைந்த காடு.
மூன்றுக்கு மணியடித்தால்
பாய்ந்து ஆனை பிடிக்கவேண்டும்.
ஆனை முதலே காலை நீட்டிவிடும்,
அதற்கும் மணி தெரியும்.
சீட்டெடுத்தவர்கள்
அவன் தோளைத் தேய்த்துவிட்டுத்
தங்கள் விரலைப் பார்த்தார்கள்.

அவன் ஆனை பிடித்தது
சிராட்டிகுளத்து இருட்டில்.
யாரும் பார்த்தால் காரியம் கெடும்.

திரும்பி வந்தான்.
சட்டை வரவில்லை.

பூட்டனின் தபாலட்டையை
யாரோ தேடி எனக்கு அனுப்பியிருக்கிறார்.
கீழே ‘இலக்கம் பதினான்கு, காட்டாள்’.
பெயரில்லை.
முகச்சாயல் உண்டா என்று
கேட்டிருக்கிறார்.

மாங்குளத்துச் சலூன் கண்ணாடியில்
பார்த்துக்கொண்டிருந்தேன், அரை முகம் நுரை.
ஏ-ஒன்பதில் சுற்றுலா பஸ் ஒன்று நின்றது.
சன்னம் துளைத்த எங்கள் சுவருக்கு நேரே
யன்னலெல்லாம் போன்கள்.
கதவு திறந்துதான் கிடந்தது.

‘அசையாதேங்கோ’ என்றார் சிவக்கொழுந்து,
கத்தி கழுத்தில்.

அசைந்தேன்.
சின்னக் கீறல்தான்.
படம் கலங்கியிருக்கும்
என்று நினைக்கிறேன்.