உப்பு படாத இரும்பு

தடைக்காலத்தின் நாற்பதாம் நாள்.
மண்டபம் ஐஸ் பேக்டரியில் கம்ப்ரஸர் தூங்குகிறது.
ஜெர்வாஸ் தன் போனை
அம்மோனியா சிலிண்டரில் சாய்த்து வைத்தான்.
இருபத்தாறு எபிசோடு, ஜப்பான் பேச்சு,
யாரோ அவசரத்தில் தட்டிய தமிழ் சப்டைட்டில்.
'கோட்டை' என்று வந்தால்
மதிலா, வரியா என்று
நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆறு மாடி உயர இரும்பு ஆட்கள்,
நெஞ்சுக்கூட்டுக்குள் ஆளுக்கொரு பையன்.
நடுக்கடலில் சிவப்பாய் ஒரு கோடு.
இரண்டு பக்கமும் ஒரே மீன்.

முதல் பாதி, சொல்லத்தான் வேண்டும், பிரமாதம்.
எரிபொருள் மானியத்தை யார் வெட்டுவது என்று
ஒரு எபிசோடு முழுக்க மந்திரிகள் மோதுகிறார்கள்.
குண்டே வெடிக்கவில்லை.
கணக்கு எழுதும் ரிஸ்வானா
பேரேட்டை மூடிவிட்டுப் பார்த்தாள்.
ஒன்பதாவதில் எதிரிப் படைப் பையன்
வயர்லெஸ்ஸில் கேட்கிறான்:
முழங்கால் பேரிங் ஒன்று உபரியாக இருக்கிறதா?
இவன் யோசிக்கிறான். நாங்களும்.
"இருக்குன்னு சொல்லுடா"
ஜெர்வாஸ் சிலிண்டரைத் தட்டினான்.

பதினேழில் கெட்டது.
நாயகன் நெற்றியில் ஒளி வருகிறது,
பிறவியிலேயே எல்லாம் தெரிந்தவனாம்.
மந்திரிகள் ஒரே வெடிப்பில் போய்ச் சேர,
ஒப்பந்தம் எழுதியது யார் என்பதும்
அவர்களோடு போயிற்று.
நல்ல வாய்க்காரி அந்த மெக்கானிக் பெண்,
மிச்ச எபிசோடெல்லாம் ஜன்னலோரம் அழுகிறாள்.
ஒரு துறைமுகம் எரிகிறது.
நாலாயிரத்துச் சொச்சம் என்று எண் வருகிறது,
பெயர் ஒன்றுகூட இல்லை.

எனக்கு உறுத்தியது வேறு.
பதினோரு வருஷமாய் போட் இஞ்சின் பிரிக்கிறேன்.
கழுத்தளவு கடலில் நின்ற இரும்பு
விடிவதற்குள் பழுது பார்த்து மின்னுகிறது!
பாம்பன் பாலத்தைக் கேட்டுப் பாருங்கள்
உப்பு என்ன செய்யும் என்று.
எங்கள் 'புனித இன்னாசி'
அக்கரையில் இரண்டு வருஷம் கட்டிக் கிடந்து
போட்டோவாகத்தான் திரும்பியது.
விலா தெரிய. இஞ்சின் வாயில் சிப்பி.

கடைசியில் சூரியன், வயலின்.
'கோட்டை அழித்தோம்' என்கிறது சப்டைட்டில்.
"எதை?" என்றாள் ரிஸ்வானா.
"போட்டது யாருன்னே சொல்லலையே."

ஜெர்வாஸ் பதில் சொல்லாமல்
ஒன்பதாவதை மறுபடி ஓடவிட்டான்.
மூன்றாவது தடவை பார்க்கிறேன்,
அந்தப் பையன் பேரிங் நம்பரைச் சொல்லவே இல்லை.
எந்தக் கடையிலும்
முதலில் அதைத்தான் கேட்பார்கள்.