பதினேழு ஈர்க்கு

எம்.கே.பி. நகர் முனைக்கடையில்
புதுத் துடைப்பம் ஒன்று வாங்கி
பதினேழு ஈர்க்கு உருவினேன்.
மிச்சத்தில் வீடு பெருக்கிக்கொள்ளலாம்.
கழுவி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு வைத்தேன்,
நீ கத்தரிகளைப் போடுவதாகச் சொல்வாயே, அதுபோல.

பூவே வாங்கியிருக்கலாம்.
பதினோரு கல்யாண நாளுக்கு வாங்கிய பூவும்
உன் கைப்பைக்குள்ளேயே கறுத்தது.
ஆபரேஷன் தியேட்டரில்
தலைமுடியே தொப்பிக்குள் கைதி,
பூவுக்கு ஏது இடம்.

சாக்லேட் கொடுங்கண்ணே என்றார்கள்
பிரிண்டிங் பையன்கள்.
சித்திரையிலா?
மூலக்கொத்தளம் தாண்டுவதற்குள் அது குழம்பு.

கேரட்டை ரோஜாவாக்க
போனில் பார்த்தால் நாலு நிமிஷம்.
எனக்கு நாலு கேரட் ஆனது.
நாளெல்லாம் பத்தடி ஃப்ளெக்ஸில்
யார் யாருக்கோ மீசை திருத்தும் கை
ஒரு இதழுக்கு நடுங்கியது, பியூலா.
அன்னாசி வட்டத்தின் நடுவில் ஒரு கறுப்புத் திராட்சை:
சூரியகாந்தி என்று வைத்துக்கொள்.
கிளிமூக்கு மாங்காய்க் கீற்று ஐந்து சேர்ந்து
எந்தத் தோட்டத்திலும் பூக்காத ஒன்று.
முள்ளங்கியில் மல்லி, வெள்ளரியில் மொட்டு,
இலைக்குப் புதினா.
பீட்ரூட்டும் செதுக்கினேன்.
எல்லாவற்றையும்விட அதுதான் அழகாக வந்தது.
முள்ளங்கி வெள்ளையில் அதன் சாறு
மெல்ல ஊறுவதைப் பார்த்தேன்.
எடுத்து நானே தின்றுவிட்டேன்.
அந்த நிறத்தை இன்று நீ
போதுமான அளவு பார்த்திருப்பாய்.

டம்ளருக்குள் ஒரு உருளைக்கிழங்கு,
அதில் குத்தி நின்றது மொத்தத் தோட்டமும்.
சுற்றிலும் வாழையிலை, நாரால் ஒரு முடிச்சு.
உப்பு மிளகாய்த்தூள் தனிப் பொட்டலம்.
டேங்க் மேல் வைத்து இருபதில் ஓட்டினேன்.
ஒரு நாய் என்னை முந்திக்கொண்டு போனது.

இரவு ஒன்றே முக்கால்.
ஆஸ்பத்திரி கேட்டில் டார்ச் அடித்தார் செக்யூரிட்டி.
"இன்னாது இது?"
பொக்கே.
"பூவெல்லாம் உள்ள போவாது."
சாப்பாடு சார்.
"பூவா சாப்பாடா, ஒண்ண சொல்லு."
ஒரு வெள்ளரி மொட்டை உருவி நீட்டினேன்.
மென்றார். யோசித்து மென்றார்.
"சாப்பாடுதான்."
வெறும் ஈர்க்கைத் திருப்பிக் கொடுத்தார்,
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பச்சை உடுப்போடு இறங்கி வந்தாய்,
கன்னத்தில் மாஸ்க் பதிந்த கோடு.
"லூசா நீ" என்றாய்.
தூங்குமூஞ்சி மரத்தடி சிமென்ட் பெஞ்சில்,
பாய் விரித்துத் தூங்கும் யார் யாருடைய
சொந்தக்காரர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து
பேசாமல் தின்றாய்.
முதலில் மாங்காய், அப்புறம் சூரியகாந்தி.
ரோஜாவைக் கடித்துவிட்டு
"வேகவே இல்ல" என்று சிரித்தாய்.
உப்பும் போதவில்லையாம்.

கை துடைத்துவிட்டு
ஈர்க்குகளை ஒன்றாய் அடுக்கினாய்.
"எத்தன குத்தின?"
பதினேழு.
"பதினாறுதான் இருக்கு."
இன்னொரு தடவை எண்ணினாய். பதினாறு.
ஊசிக் கணக்குச் சேராமல்
எவ்வளவு பெரிய டாக்டரையும்
வயிற்றைத் தைக்க விடாதவள் நீ.

போன் வெளிச்சத்தில் தேடினாய்,
பெஞ்சுக்கு அடியில், வாழையிலை மடிப்பில்,
புதினாவை உதறி,
தூங்குகிறவர்களின் செருப்புகளுக்கு இடையில்.
உன் பிரேக் முடிந்து மூன்று நிமிஷம். ஐந்து நிமிஷம்.
நானும் மும்முரமாய்த் தேடினேன்,
ஒரு கையைச் சட்டைப் பைமேல் வைத்துக்கொண்டு.
இரண்டு முறை உன் தோள் என்மேல் இடித்தது.
இங்கதான் எங்கயாவது இருக்கும் என்றேன்.
அதில் பொய் ஏதுமில்லை.

எட்டாவது நிமிஷம் மாடியிலிருந்து கூப்பிட்டார்கள்.
படியில் பாதி ஏறித் திரும்பினாய்.
"கெடச்சா மெசேஜ் போடு."

பேசின் பிரிட்ஜ் இறக்கத்தில் ஒரு பள்ளம்.
வண்டி குலுங்கியதும்
நெஞ்சில் சுருக்கென்று குத்தியது.

மெசேஜ் இன்னும் போடவில்லை.