எட்டாவது பந்து

வாளையாருக்கு மேலே, நாற்பத்தேழாம் கோபுரம்.
லைனை மூன்று நாளைக்கு நிறுத்தியிருந்தார்கள்.
உச்சிக் கம்பியில், தொட்டிலில் நான்.
மடியில் ஒரு பந்து: ஆரஞ்சு, இரண்டு பாதி, எட்டு போல்ட்.
யாருக்கு இது என்று முதல் நாளே கேட்டிருந்தேன்.
சசீந்திரன் சார் உள்ளங்கையை
ஜீப் பானெட்டில் உரசுகிறாற்போல் ஓட்டிக் காட்டினார்.

"ரேடார் வெளிச்சம் மாதிரி. மலைக்குப் பின்னால் நிழல் விழும்.
நிழலுக்குள்ளேயே ஓடுகிற விமானம் இருக்கிறது.
பள்ளம் வந்தால் பள்ளம், மேடு வந்தால் மேடு,
ஆறு கிடைத்தால் ஆற்றோடு.
குண்டைப் போட்டுத் திரும்பின பிறகுதான்
எதிரி நிமிர்ந்தே பார்ப்பான்."
"யார் கண்ணுக்கும் தெரியாதுங்களா?"
"காணில்லா."
"அதுக்குக் கம்பி தெரியுமுங்களா?"
தேங்காய் வாங்குகிறவர்போல்
பந்தைச் சுண்டிப் பார்த்தார்.
"அந்த எதிரி ஊர்லயும் கம்பி மேல ஆள் இருப்பானுங்களே?"
சார் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

இன்று பதினொன்றரைக்கு,
ஓடைக் கொக்குகள் மொத்தமாய் எழுந்தன.
என்னவென்று குனிந்தேன்.
வந்தது.
என் காலுக்குக் கீழே.

கீழே என்றால் கீழேதான். முதுகைப் பார்த்தேன்.
பச்சையும் சாம்பலும், எண்ணெய் ஒழுகிய கறை,
பழைய லாரிக் கதவுபோல் ஒட்டுப்போட்ட ஓரிடம்.
அதற்கும் அதன் நிழலுக்கும் நடுவே
இரண்டு பனை உயரம் இருந்தால் அதிகம்.
கண்ணாடிக்குள் ஒரு ஹெல்மெட்,
கழுத்து, அதற்குள் ஓர் ஆள்.
பாறை முனையில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து
நெரிசல் பஸ்ஸில் தோளை ஒடுக்கி நுழைகிறவன் மாதிரி
கணவாய்க்குள் போய்விட்டான்.

அப்புறம்தான் சத்தம்.
சத்தமென்று சொல்லக்கூடாது, நெஞ்சில் ஒரு தள்ளு.
கம்பி ஊஞ்சலாடியது.
ஸ்பானர் கையை விட்டுப் போனது.
அது பாறையில் விழுந்து 'டங்' என்றபோது
விமானம் கஞ்சிக்கோட்டுப் புகைப் பக்கம் ஒரு மிளகு.

"உசுரோட இருக்கியாடா?" அடியிலிருந்து ஆறுச்சாமி.
வாய் வரவில்லை. கையை ஆட்டினேன்.
ஆட்டிய கையைப் பார்த்தேன்.
கம்பெனி கொடுத்த ஜாக்கெட், தலையில் ஹெல்மெட்,
எல்லாமே ஆரஞ்சு.

அவன் என்னைப் பார்த்திருப்பான்.
பார்த்ததால்தான் கம்பி தெரிந்து
இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருப்பான்.
இறங்கியதும் எழுதியிருக்கக்கூடும்:
வாளையார்ச் சரிவில் புதிய கம்பி, பந்துகள் எட்டு.

மாட்டியிருந்தது ஏழு.

ஆறுச்சாமி கயிற்றில் வேறு ஸ்பானர் கட்டிவிட்டான்.
அது ஏறி வருகிற வரைக்கும்
கையைக் காலை ஆட்டாமல் இருந்தேன்,
பந்து மாதிரி.